விபத்துக்குப் பின் நம் மீதுள்ள ஹக்குகள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



கொல்லிமலையின் கிழக்கு அடிவாரத்தில், திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. மலைமேல் ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு, பாறைகளிடையே இறங்கி வந்து மரநிழலில் ஓடும் இடம் அது. பெருநாள் கழிந்த மறுநாட்களில் சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் பல, வேன் பிடித்தும் கார் எடுத்தும் சோற்றுச் சட்டியோடு அங்கே போய் வருவதுண்டு. வாகனத்திலேயே மலைமேல் ஏற விரும்புவோர் மறுபக்கம் நாமக்கல் மாவட்டத்திலுள்ள காரவள்ளிக்குச் சென்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போகிறார்கள். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு மகிழ்வதும், மனைவி மக்களை மகிழ்விப்பதும் நல்ல காரியங்களே. ஆனால் போகும் சாலை ஆபத்து நிறைந்தது.

இதே துறையூர்ப் பகுதியில் 2019 ஆகஸ்ட் 18 அன்று, ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வாகனம் ஒன்று சாலையோரக் கிணற்றில் விழுந்து 8 பேர் உயிரிழந்தார்கள். அவர்களும் ஒரு குடும்ப விசேஷத்திற்காகப் புறப்பட்டவர்களே. இப்படிப்பட்ட செய்தியைப் படித்ததும் "எல்லாம் கத்ரு, நாம் என்ன செய்ய முடியும்?" என்று பெருமூச்சு விட்டு, அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

விபத்து கத்ரின்படி நடக்கிறது என்பது நம் ஈமானில் உள்ளது; அதில் சந்தேகமில்லை. ஆனால் விபத்து நடந்த அடுத்த நொடியிலிருந்து நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும் நம்முடைய அமல்கள். அவற்றைப் பற்றி நாளை மஹ்ஷரில் நம்மிடம் கேள்வி உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் தவக்குல் வை என்று கிராமவாசிக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பாடம் பயணத்திற்கு முன்னால் மட்டுமல்ல, விபத்துக்குப் பின்னாலும் நமக்குரியது. தொழுகையின் பர்ளுகளை மனப்பாடமாகச் சொல்லும் நம் வீடுகளில், சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் ஷரீஅத் நம் மீது எதையெல்லாம் கடமையாக்குகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஆகவே அவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது: உயிரின் ஹக்கு

ஒரு உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போன்றவர் என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தின் 32-வது வசனம் கூறுகிறது. அடிபட்டவரைக் காப்பாற்றுவது அங்கிருப்போர் மீது பர்ளு கிபாயா. அங்கே நாம் ஒருவர்தான் இருக்கிறோம் என்றால் அதுவே நம் மீது பர்ளு ஐனாகிவிடும். தொழுது கொண்டிருப்பவர்கூட, தாம் போகாவிட்டால் ஒரு உயிர் போய்விடும் என்றால், தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும் என்பது பிக்ஹுச் சட்டம். வக்து தவறினால் தொழுகையைக் களா செய்யலாம். போன உயிருக்குக் களா கிடையாது.

வண்டியை ஓட்டியவர் நிறுத்தாமல் போவது பெரும் பாவம். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவின்படி, ஓட்டியவர் அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்ய வேண்டும்; 24 மணி நேரத்திற்குள் போலீஸ் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும்; இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அறிவிக்க வேண்டும். கூட்டம் திரண்டு அடிக்க வந்தால் என்ன செய்வது? அந்த நிலையை அச்சட்டமே விதிவிலக்காக ஏற்கிறது. அப்போது நேராக அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். போய் ஒளிந்து கொள்வது வேறு, போலீஸில் போய்ச் சொல்வது வேறு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: யார் மீது தவறு என்று தெரியுமுன் டிரைவரைப் பிடித்து அடிக்கும் கூட்டத்தில் நம் பிள்ளைகள் நிற்கக் கூடாது. அது பச்சை ளுல்மு.

இனி, உதவும் முறை. அடுத்து வரும் வண்டிகள் மோதாதபடி, வளைவுக்கு முன்பே ஒருவரை நிறுத்திக் கை காட்டச் சொல்லுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் இந்த ஆம்புலன்ஸ் ஓடுகிறது; கட்டணம் இல்லை. போனில் அலை கிடைக்காவிட்டால் ஒருவரை மோட்டார் சைக்கிளில் முன்னே அனுப்புங்கள். இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். தீப்பற்றும் அபாயமோ தண்ணீரில் மூழ்கும் அபாயமோ இல்லையென்றால், கையைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தெலும்பும் முதுகெலும்பும் அடிபட்டிருந்தால், இழுக்கிற இழுப்பிலேயே ஆயுளுக்கும் கை கால் விளங்காமல் போய்விடக் கூடும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் அது மூச்சுக் குழலில் இறங்கி உயிரையே மாய்த்துவிடலாம். நினைவோடு இருப்பவருக்கும் டாக்டர் பார்க்கும்வரை எதுவும் குடிக்கக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அடிபட்டுக் கிடப்பது அந்நியப் பெண் என்று ஆண்கள் தயங்கி நிற்பதைப் பார்க்கிறோம். பெண்கள் அருகில் இருந்தால் அவர்கள் முன்வர வேண்டும். இல்லையேல் ளரூரத்தின் சட்டம் வந்துவிடுகிறது. தேவையான அளவு தொட்டுத் தூக்குவதும், துணியால் மூடி மறைப்பதும் குற்றமல்ல. அதேபோல், அடிபட்டவர் எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவும் கூடாது. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்றும், உயிருள்ள எதற்கு உதவினாலும் கூலி உண்டு என்றும் ஹதீஸ்களில் வந்திருக்கிறது. நாய்க்கே அப்படி என்றால், அல்லாஹ் கண்ணியப்படுத்திய ஆதமுடைய மக்களுக்கு எப்படி என்று எண்ணிப் பாருங்கள்.

இரத்தம் தேவைப்பட்டால் நோன்பாளியும் கொடுக்கலாம். இரத்தம் வெளியேறுவதால் ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. பலவீனம் வந்து நோன்பை விட நேரிடும் என்றால், வேறு ஆள் இருக்கும்போது தாம் கொடுக்காமல் இருப்பது நலம்.

"தூக்கிக் கொண்டு போனால் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டும்" என்று பயப்படுவோருக்கு ஒரு விஷயம். எந்த டாக்டரும் போலீஸ் வரட்டும் என்று காத்திராமல் உயிர் காக்கும் சிகிச்சை தர வேண்டுமென 1989-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. உதவியவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிமுறைகளுக்கு 2016-ல் அதே கோர்ட் சட்ட வலு தந்தது. 2019-ல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதுகூட இல்லை. சிகிச்சைச் செலவுக்காகவும் தயங்க வேண்டாம். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. 7 நாட்கள் வரை ரூ.1.5 லட்சம் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. புளியஞ்சோலைப் பக்கம் போகிறவர்கள், துறையூரில் அரசு ஆஸ்பத்திரியும், பெரிய சிகிச்சைக்குத் திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியும் இருப்பதை நினைவில் வைத்துக் கொள்ளட்டும்.

இரண்டாவது: உண்மையின் ஹக்கு

நம் சமுதாயத்தில் மிகவும் சாதாரணமாகிவிட்ட ஒரு பாவம் உண்டு. லைசென்ஸ் இல்லாத பிள்ளை வண்டியை ஓட்டி இடித்துவிடுகிறான். உடனே வீட்டுப் பெரியவர்கள் கூடி, லைசென்ஸ் உள்ள ஒருவரை "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்ல வைக்கிறார்கள். சாட்சிகளையும் அதற்கேற்பச் சொல்லச் சொல்கிறார்கள். "பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடுமே" என்பது அவர்களின் நியாயம்.

பெரும் பாவங்களை எண்ணிச் சொல்லிக் கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், சாய்ந்திருந்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்து, பொய்ச் சாட்சியைப் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். இனி நிறுத்திக் கொள்ளமாட்டார்களா என்று ஸஹாபாக்கள் எண்ணும் அளவுக்குச் சொன்னார்கள் என்று புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வருகிறது. நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதத்தில் நிலைத்து நிற்க வேண்டுமென்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135-வது வசனத்தின் கருத்து. இதற்குப் பிறகு இதை "சமாளிப்பு" என்று சொல்ல முஃமினுக்கு நாக்கு எழலாமா?

உலகச் சட்டத்திலும் இது பெற்றோர் மீதே திரும்புகிறது. 2019-ல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பாதுகாவலருக்கு அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. சாவி என்பது அமானிதம். அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதும் நம்மிடம் கேட்கப்படும்.

அடிபட்டவர் பக்கமும் உண்மை வேண்டும். லேசான காயத்தைப் பெரிதாக்கிச் சான்றிதழ் வாங்குவது, வேறு வண்டியைச் சம்பந்தப்படுத்தி நஷ்டஈடு கேட்பது ஆகியவை ஹராமான வருமானமே. "கம்பெனிப் பணம்தானே" என்று சொல்வதால் அது ஹலாலாகிவிடாது.

சாலையோரத்திலேயே ஐநூறு, ஆயிரம் கொடுத்து முடித்துக் கொள்ளும் சமாதானத்திலும் எச்சரிக்கை தேவை. ஸுல்ஹு நல்லதுதான். ஆனால் உள்காயம் வெளியே தெரியச் சில மணி நேரமோ சில நாளோ ஆகலாம். அது தெரியாத நிலையில் ஏழை ஒருவரிடம் கைரேகை வாங்கிக் கொண்டு நழுவுவது ஏமாற்றாகும். பெயரும் முகவரியும் கொடுத்து, டாக்டரிடம் காட்டி, அதன் பின்பே பேச வேண்டும்.

மூன்றாவது: மவுத்தானவரின் ஹக்கு

மவுத்துச் செய்தி வந்ததும் இன்னா லில்லாஹி ஓதிப் பொறுமை காப்பது முதல் கடமை. "அந்த வண்டியில் போகாதே என்று அப்போதே சொன்னேனே" என்று வீட்டுப் பெண்களைக் குத்திக் காட்டுவது புண்ணில் உப்பிடுவதாகும். முந்தானை மகரிபில் விட்டு வந்த பூனை குறுக்கே போனது என்று சகுனம் பேசுவதும் கூடாது.

பிரேதப் பரிசோதனை கூடாது என்று ஆஸ்பத்திரியில் தகராறு செய்கிறார்கள். விபத்து மரணத்தில் சட்டம் அதைக் கேட்கிறது. பின்னால் வாரிசுகளின் உரிமைக்கும் அந்தச் சான்று தேவைப்படுகிறது. இயன்றவரை சீக்கிரம் முடித்துத் தரும்படி ஜமாஅத்தார் கண்ணியமாகக் கேட்டுப் பெறுவதே முறை.

"விபத்தில் இறந்தவர் ஷஹீது; ஆகவே குளிப்பாட்ட வேண்டியதில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. இடிபாட்டில் சிக்கியும் நீரில் மூழ்கியும் இறப்போரை ஹதீஸ் ஷஹீதுகளில் சேர்த்திருப்பதால், விபத்தில் இறந்தவருக்கும் அந்தத் தரஜாவை அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கிறோம். ஆனால் அது ஆகிரத்தின் கூலி பற்றியது. உலகச் சட்டத்தில் அவருக்குக் குளிப்பும், கபனும், ஜனாஸாத் தொழுகையும் கட்டாயம் உண்டு. தண்ணீர் ஊற்றினால் உடல் சிதையும் என்றிருந்தால் தயம்மும் செய்விக்க வேண்டும்.

நான்காவது: அல்லாஹ்வின் ஹக்கு

இதுதான் நம்மில் பெரும்பாலோர் அறியாதது. ஓட்டியவரின் தவறால் ஒருவர் இறந்துவிட்டால், கேஸ் முடிவதோடும் இன்ஷூரன்ஸ் பணம் போய்ச் சேர்வதோடும் விஷயம் முடிந்துவிடாது. தவறுதலாக உயிர் போக்கியவர் மீது இரண்டு கடமைகளை அந்நிஸா அத்தியாயத்தின் 92-வது வசனம் விதிக்கிறது. ஒன்று, இறந்தவரின் குடும்பத்தாருக்குரிய தியத். அதை அவர்கள் மன்னித்துவிடலாம். மற்றொன்று கப்பாரா. அடிமையை விடுதலை செய்ய வழியில்லாததால், இக்காலத்தில் தொடர்ந்து இரண்டு மாத நோன்பே கப்பாராவாகும். குடும்பத்தார் மன்னித்தாலும் கப்பாரா நீங்காது. ஏனெனில் அது அல்லாஹ்வின் ஹக்கு. நம்முடன் ஒப்பந்தத்தோடு வாழும் பிற சமயத்தவர் இறந்தாலும் இதே கடமை உண்டென்பதை அவ்வசனத்தின் பிற்பகுதி காட்டுகிறது.

கார் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட கிதாபுகளில் காருக்கு எங்கே சட்டம் என்று கேட்கலாம். பாதையில் சவாரி செய்பவரின் பிராணி ஒருவரை மிதித்துக் கொன்றால், சவாரி செய்தவர் நேரடியாகக் கொன்றவராவார் என்றும், அவர் மீது கப்பாரா உண்டென்றும் ஹனபி இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிராணியின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முன்னே நடப்பவர் காரணமாக மட்டுமே இருப்பதால், அவர் மீது தியத் உண்டு, கப்பாரா இல்லை என்று பிரித்தும் காட்டினார்கள். ஷாபிஈ மத்ஹபிலோ காரணமானவர் மீதும் கப்பாரா உண்டு. காரை ஓட்டுபவர் சவாரி செய்பவரின் நிலையில் இருக்கிறார். பிராணிக்காவது சொந்தப் புத்தி உண்டு; காரோ ஓட்டுபவரின் கை போன போக்கில்தான் போகும்.

1993 ஜூன் மாதம் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாதமியும் இதை ஆராய்ந்தது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கப்படியே கடமை என்றும், ஓட்டுபவர் பிறரின் உயிருக்கும் பொருளுக்கும் பொறுப்பாளி என்றும் அது முடிவு செய்தது. தவிர்க்கவே முடியாத சக்தியால் நிகழ்ந்தது, அடிபட்டவரின் செயலே முக்கியக் காரணமானது, மூன்றாமவர் ஒருவரின் தவறால் நேர்ந்தது ஆகியவற்றுக்கு விலக்கும் அளித்தது. ஆகவே தேய்ந்த டயரோடும், பழுதான பிரேக்கோடும், தூக்கக் கண்ணோடும் ஓட்டியவர் "கத்ரு" என்று சொல்லித் தப்ப முடியாது. விதியைப் பேணி நிதானமாகச் சென்றவர் முன் ஒருவர் திடீரெனப் பாய்ந்தால், அது வேறு. எது எந்த வகை என்பதை நாமே தீர்மானிக்காமல், நடந்ததை நடந்தபடி ஆலிம்களிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

நோன்பின் விவரம்: இடையில் ரமளானும், இரு பெருநாட்களும், தஷ்ரீகுடைய நாட்களும் வராதபடி பார்த்துத் தொடங்க வேண்டும். பிறை ஒன்றில் தொடங்கினால் இரண்டு பிறை மாதங்கள் போதும். நடுவில் ஒரு நாளைக் காரணமின்றி விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கால் இடைவெளி விழுந்தால் தொடர்ச்சி முறியாது. இருவர் இறந்திருந்தால் இரண்டு கப்பாரா. நோன்பு நோற்க முடியாதவர் ஏழைகளுக்கு உணவளித்துத் தீர்த்துக் கொள்வது இந்தக் கப்பாராவில் இல்லை. அவர் இஸ்திக்பார் செய்துகொண்டு, சக்தி வரும்போது நோற்க வேண்டும். இந்த அறுபது நாள் பசி ஒரு தண்டனை மட்டுமல்ல. இரவெல்லாம் தூக்கமின்றித் தவிக்கும் ஓட்டுநரின் நெஞ்சுக்கு, அல்லாஹ் திறந்து வைத்த தவ்பாவின் வாசலும் அதுவே.

ஐந்தாவது: வாரிசுகளின் ஹக்கு

மகன் ஓட்டிய காரில் தகப்பனார் மவுத்தாகிவிட்டால், அவருடைய சொத்தில் அந்த மகனுக்குப் பங்கு உண்டா? கப்பாரா கடமையாகும் வகையில் நேரடியாக உயிர் போக்கியவர், அது தவறுதலாக இருந்தாலும், வாரிசுரிமையை இழப்பார் என்பது ஹனபி சட்டம். வயது வராத பிள்ளைக்கு அம்மத்ஹபில் இது பொருந்தாது. ஷாபிஈ மத்ஹபு இன்னும் கடுமையானது. கேட்கவே கசப்பான சட்டம்தான். ஆயினும் பாகம் பிரிக்குமுன் இதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியாமல் விட்டால், அடுத்தவர் பங்கை அறியாமல் உண்ண நேரிடும். மற்ற வாரிசுகள் மனமுவந்து அவருக்கு ஹிபா செய்ய வழி இருக்கவே இருக்கிறது.

நஷ்டஈட்டைக் கேட்டுப் பெறுவது பேராசையல்ல. அது விதவையின், எத்தீம்களின் உரிமை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, விபத்து நடந்து 6 மாதத்திற்குள் மோட்டார் வாகன விபத்து நஷ்டஈட்டு மன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். இத்தா முடியட்டும், நாற்பது கழியட்டும் என்று நாளைக் கடத்த வேண்டாம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், அதே ஏப்ரல் முதல் இறந்தவர் குடும்பத்திற்கு ரூ.2 லட்சமும், கொடுங்காயம் பட்டவருக்கு ரூ.50,000-மும் தரும் திட்டம் உண்டு. வந்த பணத்தில் எத்தீம்களின் பங்கை எடுத்து வீடு கட்டுவோர், எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்ற எச்சரிக்கையை நினைத்துக் கொள்ளட்டும்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. வாடகை குறைவென்று சரக்கு வண்டியில் குடும்பத்தை ஏற்றிச் செல்கிறோம். சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்லும் பயணிகளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், உயிரும் போய், பிள்ளைகளுக்குரிய ஈடும் சிக்கலாகிவிடக் கூடாது.

தவறு செய்தவர் "இன்ஷூரன்ஸ் பார்த்துக் கொள்ளும்" என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிடவும் கூடாது. வழக்கு நடப்பதால் நேரில் போக வேண்டாமென்று வக்கீல் சொல்லலாம். அப்படியானால் ஜமாஅத்துப் பெரியவர்களை அனுப்பி ஆறுதல் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இயன்றதைச் செய்ய வேண்டும். அடியானின் ஹக்கை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும்.

ஆறாவது: பாதையின் ஹக்கு

கடைசியாக எல்லோரும் மறந்துவிடுவது இது. வண்டியைத் தூக்கிச் சென்ற பின்பு, சாலையில் கண்ணாடித் துண்டுகளும், சக்கரத்துக்கு அண்டை கொடுத்த பாறாங்கற்களும் அப்படியே கிடக்கின்றன. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வரும் அடுத்தவருக்கு அந்தக் கல்லே எமனாகிறது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற ஹதீஸை மதரஸாவின் முதல் ஆண்டிலேயே ஓதுகிறோம். அதற்கு அமல் செய்ய இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? சிதறிக் கிடக்கும் நகையும் பணமும் அமானிதம்; எண்ணிப் பார்த்துச் சாட்சி வைத்து, உரியவரிடமோ போலீஸிடமோ சேர்க்க வேண்டும். கவிழ்ந்த லாரியிலிருந்து சாமான்களை அள்ளிக் கொண்டு வருவது பட்டப்பகல் திருட்டு.

நேயர்களே! அடுத்த பெருநாளைக்குப் புளியஞ்சோலைக்கோ வேறெங்கோ புறப்படுமுன், பயண துஆவோடு இந்த ஆறு ஹக்குகளையும் வீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வண்டியில் சுத்தமான துணி, கைவிளக்கு, வண்டியின் ஆவணங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வல்ல நாயன் நம் அனைவரையும் விபத்துகளிலிருந்து காப்பானாக! அப்படி நேர்ந்துவிட்டால், ஓடி ஒளியாமல் உரியவரின் ஹக்கை உரியவரிடம் சேர்க்கும் நஸீபைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.